விசாரிக்க ஆளில்லாத ஊர்

தம்பி,

"அம்மா, மகன் பிறந்தது எந்த ஊர்?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். கேட்டு மூன்று மாதமாகிறது. பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் கேள்வி கேட்டே பிழைத்தவள் நான். விடை தெரியாமல் விழிக்கும் பிள்ளையின் முகமும் எனக்குத் தெரியும். விடை தெரிந்தும் வாய் திறக்கப் பயப்படும் பிள்ளையின் முகமும் தெரியும். அன்று எனக்கு அந்த இரண்டாவது முகம்தான் இருந்திருக்கும். அதை அவர் கண்டாரோ இல்லையோ, உனக்கு நான் இன்றுவரை சொல்லவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்து சாப்பிட்டுவிட்டுப் போனபோதாவது சொல்லியிருக்கவேண்டும். நேரில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். வருகிற திங்கட்கிழமை காலை ஹனிபா நானாவிடம் வேலையை விடும் கடிதத்தைக் கொடுக்கப்போவதாகச் சொன்னாய். அதற்கு முதல் இது உன் கையில் கிடைக்கவேண்டும். தபாலில் போட்டால் பிந்திவிடும் என்று, கத்தரிக்காயோடு செட்டிகுளத்திலிருந்து வவுனியாச் சந்தைக்கு வரும் பாக்கியம் அக்காவிடம் கொடுத்துவிடுகிறேன். படித்து முடிக்கும்வரை கோபப்படாதே. முடித்தபிறகு கோபப்படு, அதற்கு உனக்கு உரிமை இருக்கிறது.

கேட்டவர் உன்னுடைய கிளியரன்ஸ் விசயமாக வந்தவர். அரசாங்க வரைபடக் கந்தோரில் உன்னைப் படவரைஞராக எடுப்பதென்று தீர்மானித்து, பாதுகாப்பு அனுமதி வந்ததும் வேலையில் சேரச் சொன்னார்கள் அல்லவா? அந்த அனுமதிக்கான விசாரணை. எங்கள் கிராம விதானையார் வழிகாட்ட, சாதாரண உடுப்பில், மோட்டார் சைக்கிளில் வந்தார். நான் மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். கதிரையை எடுத்து மாமர நிழலில் போட்டேன். சிங்களவர்; தமிழை யாரிடமோ ஒழுங்காகப் படித்திருந்தார். நீ படித்த பள்ளிக்கூடம், உன் சிநேகிதர், வீட்டுக்கு வந்துபோகிறவர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் உள்ளதை உள்ளபடி சொன்னேன். கடைசியாகத்தான் பிறந்த ஊரைக் கேட்டார். "கிளிநொச்சி" என்றேன். அவர் பேனையை நிறுத்தினார்.

"அம்மா பிறந்தது ஹட்டன் பக்கம். ஐயாவும் ஹட்டன் பக்கம். மகன் மட்டும் கிளிநொச்சியா?"

"ஓம்."

"அங்கே இப்ப புலிகள்தானே, எங்களுக்குப் பொலிஸ் இல்லையே, அம்மா. நான் யாரிட்ட விசாரிக்கிறது?"

அவர் அதைக் குத்தலாகக் கேட்கவில்லை. வழி தெரியாமல் சந்தியில் நிற்கும் ஒரு மனிதர் கேட்பதுபோலத்தான் கேட்டார். உன்னைப் பற்றிய தாள் பிறந்த ஊர்ப் பொலிசுக்குப் போய், அங்கிருந்து பதில் வந்தால்தான் மேலே போகுமாம். பதில் எழுத ஆளில்லாத ஊருக்கு அது போகாது, போனாலும் திரும்பாது. தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, "பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கே எனக்குத் தெரியும், உன் பைல் எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று.

அது தெரிந்துகொண்டுதான் ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ பேசியதை அப்படியே எழுதுகிறேன். உன் வார்த்தைகளை நீயே ஒருமுறை வாசிக்கவேண்டும்.

"எட்டு மாசமாச்சு, அம்மா. என்னோடை நேர்முகத்துக்கு வந்த ரெண்டு பேருக்கும் கிளியரன்ஸ் வந்திட்டுது. எனக்கு ஏன் வரேல்லை எண்டு தெரியுமோ? நானாவாலைதான்."

"ஹனிபா நானா என்ன செய்தவர்?"

"அவர் ஒண்டும் செய்யேல்லை. அவர் பிறந்தது முல்லைத்தீவு. வேலை தாற முதலாளி முல்லைத்தீவான் எண்டா பைலைத் தூக்கி ஒரு பக்கம் வைச்சிடுவாங்களாம். என்னோடை வேலை செய்யிற சேகர் சொன்னவன். நான் அங்கையிருந்து விலகினா பைல் நகருமாம்."

"நானாவிட்டை என்ன சொல்லப்போறாய்?"

"அம்மாவுக்குச் சுகமில்லை, வீட்டோடை நிக்கவேணும் எண்டு சொல்லுவன். சின்னப் பொய்தானே, அம்மா."

சொல்லிவிட்டுச் சிரித்தாய். நான் எழுந்து குசினிக்குள் போய், உன் கோப்பையில் இருந்த சொதியே போதுமென்று தெரிந்தும், இன்னும் கொஞ்சம் கொண்டுவந்து ஊற்றினேன்.

வேலையை விடுவது பற்றி முதலில் ஒன்று சொல்கிறேன். நான் பூநகரியில் படிப்பித்த காலத்தில் எங்களோடு ஓர் ஆசிரியர் இருந்தார். நல்ல மனிதர், அவசரக்காரர். அவருக்குக் கிளிநொச்சிக்கு மாற்றம் வந்துவிட்டது, கடிதம் வழியில் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். மறுநாளே வாடகை வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கட்டில், அலுமாரி, தையல் மெசின், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஓர் ஆடு எல்லாம் ட்ரக்டரில் ஏறிவிட்டன. போகிற வழியில் பள்ளிக்கூடத்தில் நிறுத்தி, கடிதம் வந்துவிட்டதா என்று கேட்டார். வரவில்லை. நாளைக்கு வரும் என்று அலுமாரியை எங்கள் ஐந்தாம் வகுப்பின் பின்சுவரோடு இறக்கிவைத்தார்கள். அந்தத் தவணை முழுக்கப் பிள்ளைகள் அந்த அலுமாரிக் கண்ணாடியில் தலை சீவிக்கொண்டுதான் பாடம் படித்தார்கள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். ஆனால் அவருடைய மனைவி மட்டும் ஒருநாள் என்னிடம், "ரீச்சர், அந்த வீட்டை வேறை ஆக்களுக்குக் குடுத்திட்டினம்" என்று மெதுவாகச் சொன்னா. அவ சொன்ன விதம் இன்னும் என் காதில் இருக்கிறது. கடிதம் கையில் கிடைக்கும்வரை நிற்கிற நிலத்தை விடக்கூடாது என்று உனக்குச் சொல்ல இந்த ஒரு உதாரணம் போதும். ஆனால் நான் எழுத வந்தது அதைமட்டும் அல்ல.

தம்பி, நீ கிளிநொச்சியில் பிறக்கவில்லை.

நீ பிறந்தது ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தோட்ட ஆஸ்பத்திரியின் ஒற்றை அறையில். வெளியே மழை. நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அப்பா மலையில் வேலை செய்தார். நீ பிறப்பதற்கு முந்தியே நாங்கள் வன்னிக்கு வந்துவிட்டோம் என்று உனக்குச் சொல்லி வளர்த்தேன். அது பொய். எழுபத்தேழுக் கலவரத்தில் அடிபட்டு, லொறியில் ஏறி வந்தபோது உனக்கு மூன்று வயது. என் மடியில் இருந்தாய். கிளிநொச்சிக்குப் பக்கத்தில் காடு வெட்டிக் குடியேறிய எங்கள் ஆட்களோடு நாங்களும் ஒரு கொட்டில் போட்டோம். எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்பதால் என்னை அங்கிருந்த பள்ளிக்கூடத்தில் முதலில் சும்மாவும், பிறகு நியமனம் தந்தும் வைத்துக்கொண்டார்கள்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்வு இடாப்பு என் பொறுப்பில் இருந்தது. பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம், தகப்பன் பெயர் என்று நிரல் நிரலாக எழுதவேண்டும். தவணை தொடங்கும்போது அதைத் தலைமை ஆசிரியருக்கு முன்னால் வைப்பேன். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்றாவது நிரலை மட்டும் விரலால் தடவிக்கொண்டு போவார். "இது தோட்டம். இது தோட்டம். இதுவும் தோட்டம். ரீச்சர், இவையைப் பின் வாங்கிலை இருத்துங்கோ. இருந்தாப்போலை மாட்டோடை போயிடுங்கள், முன் வாங்கு சும்மா கிடக்கும்." என்னையும் தோட்டம் என்று அவருக்குத் தெரியும். "உங்களைச் சொல்லேல்லை, ரீச்சர்" என்று சிரிப்பார். நான் போய் அந்தப் பிள்ளைகளைப் பின் வாங்கில் இருத்துவேன். அதை யாரோ செய்ததுபோல எழுத எனக்கு மனம் இல்லை. என் கையால் தோளைப் பிடித்து, எழுப்பி, பின்னால் கொண்டுபோய் இருத்தியவள் நான்தான்.

உனக்கு ஐந்து வயதானபோது அந்த இடாப்பில் உன் பெயரையும் நானே எழுதவேண்டி வந்தது. மூன்றாவது நிரலுக்கு வந்ததும் என் கை ஓடவில்லை. அன்று உன்னைச் சேர்க்கவில்லை. அடுத்த கிழமை, பிறந்தபோது பதியாத பிள்ளைகளுக்குக் காலம் பிந்திப் பதிகிற வழி ஒன்று இருப்பதை அறிந்து, சமாதான நீதவான் ஒருவரிடம் போனேன். என் பிள்ளை இந்தக் குடியேற்றத்தில், எங்கள் கொட்டிலில் பிறந்தான், பதிய மறந்துவிட்டோம் என்று சத்தியக் கடதாசி முடித்தேன். சாட்சிக் கையெழுத்து வைத்த இரண்டு பேரும் எங்களோடு அதே லொறியில் வந்தவர்கள். ரீச்சர் கேட்டால் அவர்கள் எதிலும் கையெழுத்து வைப்பார்கள். அப்படித்தான் உனக்கு இரண்டாவது பிறப்புச் சாட்சிப் பத்திரம் கிடைத்தது. பிறந்த திகதி உண்மை. பிறந்த இடம் கிளிநொச்சி. இனம் என்ற இடத்தில் இந்தியத் தமிழர் போய் இலங்கைத் தமிழர் வந்தது. நீ முன் வாங்கில் இருந்தாய்.

உன் அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. அவர் கடைசிவரைக்கும் தோட்டத்துப் பேச்சை மாற்றாத மனிதர். நான்தான் வந்த வருடமே 'ஆமாங்க'வை விட்டு 'ஓம்' பிடித்துக்கொண்டவள். "பொறந்தது தோட்டத்துல. அதுல என்னா கொறச்சல்? படிப்பு சொல்லிக் குடுக்கிற நீயே பொய்ச் சத்தியம் பண்ணலாமா, புள்ள?" என்று கேட்டார். "உங்களுக்குத் தெரியாது, பின் வாங்கு எப்படியிருக்கும் என்று" என்றேன். "நான் வாங்கே பாத்ததில்ல" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

உன்னைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று இத்தனை வருடமும் எனக்கே சொல்லிவந்திருக்கிறேன். பாதி அதுதான். மற்றப் பாதி எனக்கிருந்த வெட்கம். நீ ஆறு வயதில் ஒருநாள், "அம்மா, வாயிலையிருந்து புகை வருமே, அது எங்கை?" என்று கேட்டாய். மலைநாட்டுக் குளிரில் விடியற்காலையில் உன்னை வாசலில் வைத்து முகம் கழுவும்போது உன் வாயிலிருந்து ஆவி போகும். நீ அதைப் பிடிக்கக் கை நீட்டுவாய். அதைத்தான் ஞாபகம் வைத்துக் கேட்டாய். நான், "அது நீ கண்ட கனவு" என்றேன். ஒரு பிள்ளையின் ஞாபகத்தைக் கனவு என்று சொல்லி அழித்தது சத்தியக் கடதாசியைவிடப் பெரிய பொய் என்று இப்போது நினைக்கிறேன். நீ திரும்பவும் அதைக் கேட்கவேயில்லை.

கணக்குப் பாடத்தில் அடிக்கடி ஒன்று காண்பேன். கரும்பலகையில் உள்ள கேள்வியைப் பிள்ளை பிழையாகப் பார்த்து எழுதிவிடும். அதற்குப் பிறகு கூட்டல், பெருக்கல், ஒவ்வொரு வரியும் அப்பழுக்கில்லாமல் இருக்கும். விடை மட்டும் பிழை. அந்தப் பிள்ளை வந்து, "நான் எங்கை பிழை விட்டனான், ரீச்சர்?" என்று கேட்கும். அது விட்ட பிழை வரிகளில் இல்லை. உன்னுடைய பரீட்சைச் சான்றிதழ், அடையாள அட்டை, தொழில்நுட்பக் கல்லூரிச் சான்றிதழ், இந்த வரைபடக் கந்தோருக்கு நீ நிரப்பிய படிவம், எல்லாம் நீ ஒழுங்காகச் செய்த வரிகள். முதல் வரியை எழுதியது நான். பிறந்த இடம் தோட்டம் என்றிருந்தால் பின் வாங்கில் இருத்துவார்கள் என்றுதான் பயந்தேன். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் எல்லாம் தலைகீழாகி, கிளிநொச்சியில் பிறந்தவன் என்றால் வரிசையிலிருந்து வெளியே இழுத்து நிறுத்துவார்கள் என்று யார் கண்டது? பிள்ளைக்கு நல்ல ஊர் என்று நான் தேர்ந்து கொடுத்த ஊரே உன்னை ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் நிறுத்திவைத்தது.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கடினமானது. சண்டை கிளிநொச்சிக்கு வந்து, நாங்கள் காட்டு வழியாக வவுனியாவுக்கு வர முடிவெடுத்தபோது, தகரப் பெட்டியின் அடியில் உன் முதல் பத்திரம் இருந்தது. தோட்டத்தில் எழுதிய, உண்மையான பத்திரம். சாவடியில் பெட்டியைக் கொட்டிப் பார்ப்பார்கள். ஒரு பிள்ளைக்கு இரண்டு ஊரில் இரண்டு பிறப்புப் பத்திரம் என்றால், அது யார், எது உண்மை என்று உன்னைத்தான் பிடிப்பார்கள். உன் அடையாள அட்டை இரண்டாவது பத்திரத்தோடு ஒத்துப்போகிறது. ஆகவே முதலாவதை அடுப்பில் வைத்தேன். அப்பா பார்த்துக்கொண்டு நின்றார். "நெசத்த எரிச்சுப்புட்டு பொய்ய பத்திரமா சுத்தி வச்சிருக்கியே" என்றார். அவர் அதைக் கத்திச் சொல்லவில்லை.

முகாமில் எங்களைப் பதிந்தபோது என்ன நடந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். எங்களோடு வந்த மலைநாட்டுக் குடும்பங்களைக் கொஞ்சக் காலத்தில் உறவினரிடம் போக விட்டார்கள். உன்னை விடவில்லை. இளம் பெடியன் என்பதால்தான் மறித்தார்கள் என்று நீ நினைத்தாய். நாங்களும் அப்படியே சொன்னோம். அப்பாவையும் என்னையும் கூப்பிட்டு, நீங்கள் இரண்டு பேரும் ஹட்டனுக்குப் போகலாம், மகன் கிளிநொச்சிக்காரன், அவனை விசாரிக்கவேண்டும் என்றார்கள். உன் சித்தப்பா அங்கே அறை ஒழுங்குபண்ணி வைத்திருந்தார். அப்பா, "மகன விட்டுட்டு எங்க போறது, இருக்கலாம்" என்றார். அந்தத் தகரக் கொட்டிலில், அந்தக் காய்ச்சலில், அடுத்த மாரிக்குள் அவர் போய்விட்டார். ஹட்டனுக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லமாட்டேன். அது எனக்குத் தெரியாது. ஆனால் போவதற்கு ஒரு வழி இருந்தது, அந்த வழியை நான் எரித்தேன் என்பது தெரியும். காய்ச்சலில் கிடந்தபோதும் அவர் என்னை அந்த விசயத்தில் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. உன்னிடம் சொல்லச் சொல்லி மட்டும் இரண்டுமுறை கேட்டார். சொல்கிறேன் என்றேன். இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

வியாழக்கிழமை நான் ஹனிபா நானாவின் கந்தோருக்குப் போனேன். நீ வேலைத்தளத்துக்குப் போயிருப்பாய் என்று தெரிந்துதான் போனேன். அந்த மனிதருக்கு முல்லைத்தீவில் கடை இருந்தது, வீடு இருந்தது. தொண்ணூறில் முஸ்லிம்களையெல்லாம் போகச் சொன்னபோது உடுத்த உடுப்போடு ஊரைவிட்டுப் போகவேண்டி வந்து, வவுனியாவில் ஒரு மேசையும் ஒரு கதிரையும் வைத்துக் கட்டட ஒப்பந்தம் தொடங்கியவர். முகாமிலிருந்து வெளியே எடுக்க உனக்குப் பிணை நின்றவரும் அவர்தான். என்னைக் கண்டதும், "வாங்கோ ரீச்சர், என்ன, மகனுக்குக் கலியாணமோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். இப்போது உனக்கு எழுதியிருப்பதையெல்லாம், இவ்வளவு ஒழுங்காக இல்லாமல், முன்பின்னாக அவரிடம் சொன்னேன். நீ வேலையை விட நினைப்பதற்குக் காரணத்தையும் சொன்னேன். அதை மறைத்தால் வந்ததில் பிரயோசனம் இல்லை.

அவர் கொஞ்ச நேரம் உன்னுடைய வரைபடத் தாளொன்றைச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார்.

"ரீச்சர், என்னட்டை முல்லைத்தீவிலை பிறந்த பத்திரம் இருக்கு, அங்கை போய்த் தட்ட ஒரு கதவு இல்லை. உங்கட மகனிட்டை அவன் பிறக்காத ஊரிலை பிறந்த பத்திரம் இருக்கு. எங்கள் ரெண்டு பேரையும் ஒரு பைலிலை போட்டா, பாவம், அதை வாசிக்கிற மனுசனுக்குத் தலை சுத்தும்."

"அவன் உங்களைப் பிழையா நினைச்சிட்டான், நானா. அது என்ரை பிழை."

"சேகர் எனக்கும் சொன்னவன். அவன் ஆருக்குத்தான் சொல்லேல்லை? முல்லைத்தீவிலை பிறந்ததுக்கு நான் ஆரிட்டையும் மன்னிப்புக் கேக்கேலாது. போறதெண்டா என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லிப்போட்டுப் போகட்டும். அம்மாவுக்குச் சுகமில்லை எண்டு மட்டும் சொல்லவேண்டாமாம் எண்டு சொல்லுங்கோ. இங்கையிருந்து போறவையெல்லாம் அதைத்தான் சொல்லுகினம். ஒருதற்றை அம்மாவும் சுகமா இல்லை."

பிறகு சிரிப்பை விட்டுவிட்டு விளக்கமாகச் சொன்னார். வவுனியாவில் தங்க உனக்குத் தந்த மூன்று மாதப் பாஸ் அடுத்த மாதம் முடிகிறது. அது அவருடைய கடிதத்தில் நிற்கிறது. வேலை இல்லையென்றால் கடிதம் இல்லை, கடிதம் இல்லையென்றால் பாஸ் இல்லை, பாஸ் இல்லாமல் ரவுணில் உன் அறையில் நீ நிற்க முடியாது. "கிளியரன்ஸ்காரர் திரும்பி வந்து அந்த விலாசத்திலை கதவைத் தட்டேக்கை ஆளில்லை எண்டால், ஆள் தலைமறைவு எண்டுதான் எழுதுவாங்கள், ரீச்சர். இப்ப பைல் நிக்குது. பிறகு பைல் படுத்திடும்." நீ நினைத்தது அந்த வேலையை விட்டால் பைல் நகரும் என்று. உண்மையில் அந்தப் பைலுக்கு இன்று உயிர் இருப்பதே நீ தினமும் காலையில் போய் உட்காரும் அந்தக் கதிரையால்தான்.

ஆனால் தம்பி, இதையெல்லாம்விட என்னை உறுத்துவது வேறு. ஒரு மனிதர் பிறந்த ஊர் எது என்று பார்த்து அவரைப் பின் வாங்குக்குத் தள்ளலாம் என்று நீ ஞாயிற்றுக்கிழமை சொன்னாய். சோறு பிசைந்துகொண்டே, சாதாரணமாகச் சொன்னாய். அந்தத் தலைமை ஆசிரியரின் விரல் மூன்றாவது நிரலில் இறங்கியதை நான் திரும்பவும் கண்டேன். நான் உனக்கு வாயால் அப்படி ஒன்றும் சொல்லித் தரவில்லை. ஆனால் ஊரை மறைத்து வளர்த்தவள் ஊருக்கு வெட்கப்படவும் பழக்கியிருப்பாள் போலிருக்கிறது.

இனி என்ன செய்வது என்று கேட்பாய். முழு விடை என்னிடம் இல்லை. தோட்டத்துப் பிறப்புகளைப் பதிந்து வைத்திருக்கும் பதிவாளர் கந்தோரில் உன் பெயர் இருக்கவேண்டும். திகதியும் தாய் தகப்பன் பெயரும் கொடுத்தால் தேடிப் பிரதி எடுத்துத் தருவார்கள் என்று நானா சொல்கிறார். ஒருவேளை கலவரத்தில் அந்தப் புத்தகமே போயிருக்கலாம். இருந்தால், அதை வைத்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியிடம் போய், காலம் பிந்திப் பதிந்தது பொய் என்று நான் கையெழுத்து வைக்கவேண்டும். வைப்பேன். பொய்ச் சத்தியம் செய்தவள் நான்; உனக்கு அப்போது ஐந்து வயது. என்னைக் கோட்டுக்குக் கூப்பிட்டால் போவேன். படிப்பித்த ரீச்சர் கூண்டில் நிற்கிறா என்று செட்டிகுளம் முழுக்கக் கதைத்தாலும் கதைக்கட்டும். ஆனால் படிவத்தில் பிழையான ஊரை எழுதியவன் என்று சொல்லி உன்னையும் வேண்டாம் என்றுவிடலாம். தெரியாமல் எழுதினான் என்று நம்புவார்களோ, மாட்டார்களோ, எனக்குத் தெரியாது. இந்த யோசனையில் மூன்று மாதமாக என் சாப்பாடு சரியில்லை. மறைத்து வைத்தால் பைல் விசாரிக்க ஆளில்லாத ஊரைப் பார்த்துக்கொண்டு அப்படியே கிடக்கும். சொன்னால் கிழிந்தும் போகலாம். இரண்டில் எது என்று நான் உனக்காகத் தீர்மானிக்கமாட்டேன். ஒருமுறை உனக்காகத் தீர்மானித்தது போதும். உன் பிறப்புப் பதிவு இருக்கிறதா என்று முதலில் உன் கண்ணால் பார். தீர்மானம் பிறகு.

வவுனியாவைத் தாண்டி அங்கே போய்வரவும் உனக்கு வேலை தருகிறவரின் கடிதம் வேண்டும். ஆகையால் திங்கட்கிழமை காலை நீ எழுதி வைத்திருக்கும் கடிதத்தை அறையிலேயே விட்டுவிட்டு, நேரே ஹனிபா நானாவின் மேசைக்கு முன்னால் போய் நின்று, "நானா, நான் பிறந்தது ஹட்டனுக்கு மேலை ஒரு தோட்டத்திலை" என்று உன் வாயால் ஒருமுறை சொல்லிவிட்டு, மூன்று நாள் லீவு கேள்.

அம்மா